பழமும் கொட்டையும் சர்க்கரைப் புண்ணும்

கேள்வி, 2024 ஜூன் 9

என் தகப்பனாருக்குப் பல வருடமாகச் சர்க்கரை. வலது உள்ளங்காலில், பெருவிரலுக்குக் கீழே ஒரு புண். ஆறுவதாக இல்லை. நாவல் கொட்டைப் பொடியும் நெல்லிச் சாறும் எடுத்தால் சர்க்கரை இறங்கிவிடும், புண்ணும் தானாக மூடிக்கொள்ளும் என்கிறார்கள். பப்பாளிக் காயை அரைத்துப் புண்ணின்மேல் வைத்துக் கட்டச் சொல்கிறார் இன்னொருவர். எலிகளுக்குக் கொடுத்து நிரூபித்திருக்கிறார்களாமே. இயற்கையானதுதானே, செய்து பார்ப்பதில் என்ன நஷ்டம்?

ஜூன் 9, இரவு

நாள்தான் நஷ்டம். சர்க்கரைக்காரர் காலில் இரண்டு வாரம் ஆறாமல் கிடக்கும் புண்ணை இன்னும் ஒரு மாதம் பொடி தின்று பார்க்கலாம் என்று தள்ளிப்போடுவதுதான் இதில் பெரிய செலவு.

புண்ணின்மேல் பப்பாளி வேண்டாம். ஏன் என்று பிறகு எழுதுகிறேன். இப்போது தெரிய வேண்டியது ஒன்றுதான்: அவருக்கு அந்தப் புண் வலிக்கிறதா? வலிக்கவில்லை என்றால் அது நல்ல சேதி இல்லை, நரம்பு மரத்துப் போயிருக்கிறது என்று பொருள். புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவுகிறது, நாற்றம் வருகிறது, விரல் கறுக்கிறது, காய்ச்சல் அடிக்கிறது, இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் இதைப் படித்துக்கொண்டிருக்காமல் இன்றைக்கே அழைத்துப் போங்கள்.

ஜூன் 10

எனக்கு வந்ததும் இதே இடத்தில்தான். முதலில் தோல் தடித்துக் காய்ப்புக் காய்த்தது. காய்ப்புதானே என்று எல்லாரும் விடுவதுபோல நானும் விட்டேன். அதற்கு அடியில் புண் இருந்தது மேலிருந்து தெரியவில்லை. காய்ப்பைச் சீவி எடுத்தபோதுதான் குழி தெரிந்தது. எனக்கு ஊசி முனை அளவுகூட வலிக்கவில்லை. பத்து கிராம் அழுத்தத்தில் வளைகிற ஒரு நைலான் இழையால் பாதத்தில் தொட்டுத் தொட்டுக் கேட்டார்கள். பாதி இடத்தில் அவர்கள் தொட்டதே எனக்குத் தெரியவில்லை.

அதன்பிறகு முழங்கால் வரை கழற்ற முடியாத ஒரு கட்டுப் போட்டார்கள். பாதத்தின் ஒரே இடத்தில் விழும் பாரத்தை முழுப் பாதத்துக்கும் காலுக்கும் பிரித்துவிடும் வேலை அதற்கு. புண் மூடியது.

அதே சமயத்தில் நான் தினமும் நெல்லிச் சாறும் குடித்துக்கொண்டிருந்தேன். இன்சுலினும் கூடியிருந்தது. வீட்டில் இன்றுவரை நெல்லிக்காய் ஆற்றிய புண் என்றுதான் சொல்கிறார்கள். மறுத்துப் பேசுவதை விட்டுவிட்டேன்.

ஜூன் 12

எலி விஷயம். கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இந்த வகைக் கட்டுரைகள் எல்லாமே ஏறக்குறைய ஒரே அச்சு.

ஸ்ட்ரெப்டோசோடோசின் அல்லது அலாக்ஸான் என்ற ரசாயனத்தைக் கொடுத்து எலியின் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அழிக்கிறார்கள். சில நாளில் எலிக்குச் சர்க்கரை ஏறிவிடும். முதுகில் முடியை மழித்து, வட்டமாகத் தோலை வெட்டி எடுக்கிறார்கள். ஒரு கூட்டத்துக்குப் பழச்சாற்றின் வடிசத்தை வாய்வழி கொடுக்கிறார்கள், இன்னொரு கூட்டத்துக்குக் களிம்பாகப் பூசுகிறார்கள். புண் எத்தனை சதவீதம் சுருங்கியது என்று நாள்தோறும் அளக்கிறார்கள். சர்க்கரையும் இறங்கியது, புண்ணும் வேகமாக மூடியது என்று முடிவு. சர்க்கரையும் புண்ணும் ஒரே பழத்தின் பெயரோடு ஒட்டிக்கொண்டு வெளியே வருவது இப்படித்தான்.

எலியின் தோலுக்கு அடியில் மெல்லிய தசைப் படலம் ஒன்று உண்டு. அது தோலை இழுத்துப் புண்ணைச் சுருக்கி மூடிவிடும். நமக்கு அந்த வசதி கிடையாது. நமக்கு அடியிலிருந்து சதை வளர்ந்து, மேலே தோல் பரவி மூட வேண்டும், அதற்கு வாரக்கணக்கில் ஆகும். அடுத்தது, ரசாயனத்தால் ஒரு வாரத்தில் வந்த சர்க்கரை வேறு, இருபது வருடமாக நரம்பையும் ரத்தக் குழாயையும் அரித்த சர்க்கரை வேறு. எல்லாவற்றுக்கும் மேல், எலி முதுகால் நடப்பதில்லை. நம் புண் நாம் நடக்கும் இடத்தில் இருக்கிறது.

அளவையும் பாருங்கள். ஒரு கிலோ எடைக்கு 500 மில்லிகிராம் வடிசம் என்று எலிக்குக் கொடுத்திருப்பார்கள். எலி அளவை மனித அளவுக்கு மாற்ற ஏறக்குறைய ஆறால் வகுப்பது வழக்கம். அப்படி வகுத்தாலும் 70 கிலோ ஆளுக்கு நாளுக்கு ஐந்தரை கிராமுக்கு மேல் வருகிறது. அதுவும் வடித்து இறுக்கிய சத்து, வெறும் பொடி இல்லை. அரை ஸ்பூன் பொடியைத் தின்றுவிட்டு அந்தக் கட்டுரையைச் சாட்சிக்கு அழைக்க முடியாது.

ஜூன் 13

என்னை மருந்துக் கம்பெனி ஆள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கமிஷன் வந்ததும் தெரிவிக்கிறேன்.

ஜூன் 17

நாவல். எல்லாரும் முதலில் சொல்வது இதைத்தான். மனிதர்களிடம் ஒழுங்காகச் சோதித்தவர்கள் பிரேசில்காரர்கள். அங்கேயும் நாவல் மரம் உண்டு, அங்கேயும் சர்க்கரைக்கு அதைக் குடிக்கும் வழக்கம் உண்டு. 2006இல் வெளிவந்த சோதனையில் ஒரு பிரிவுக்கு நாவல் இலைத் தேநீர், இன்னொரு பிரிவுக்குச் சர்க்கரையை இறக்கும் கிளிபென்கிளமைடு மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. மாத்திரை எடுத்தவர்களுக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை இறங்கியது. தேநீர் குடித்தவர்களுக்கு இறங்கவில்லை.

அது இலை, நாங்கள் சொல்வது கொட்டை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இலையில் தோற்றதால் கொட்டையும் தோற்றது என்று நான் எழுத மாட்டேன். கொட்டையில் நார் இருக்கிறது, துவர்ப்புச் சத்து இருக்கிறது. சோற்றோடு சேர்ந்து போனால் மாவுச்சத்து சர்க்கரையாவதைக் கொஞ்சம் தாமதிக்கலாம். சோதனைக் குழாயில் ஏறக்குறைய எல்லாத் துவர்ப்புப் பொருளும் அதைச் செய்கிறது. குழாயில் நடப்பது குடலிலும் அதே அளவில் நடக்கும் என்பதற்கு உறுதி இல்லை.

கொட்டைப் பொடி சாப்பிட்டே தீருவேன் என்பவர்கள் மாத்திரையை நிறுத்தாமல், வேறு எதையும் மாற்றாமல், மீட்டரில் அளந்து எழுதிப் பார்க்கட்டும். ஒரு நாள் எண்ணை வைத்து முடிவுக்கு வர வேண்டாம். சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள் என்பதால் எச்பிஏ1சி என்ற ரத்தச் சோதனை இரண்டு மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கைச் சொல்லும். அதில் தெரிந்தால் தெரிந்தது.

ஜூன் 23

பாகற்காயும் காய்தானே, அதை ஏன் விட்டீர்கள் என்று கேட்கிறார்கள். விடவில்லை. மற்ற எல்லாவற்றையும்விட இதற்குத்தான் கொஞ்சம் சாரம் இருக்கிறது.

தாய்லாந்தில் 2011இல் வந்த ஒரு சோதனையில், நாளுக்கு 2000 மில்லிகிராம் உலர்ந்த பாகற்காய் எடுத்தவர்களுக்கு ஃபிரக்டோசமின் என்ற அளவு கொஞ்சம் இறங்கியது. அதாவது இரண்டு மூன்று வாரச் சர்க்கரையைக் காட்டும் அளவு. 1000 மில்லிகிராம் மெட்ஃபார்மின் மாத்திரை அதைவிட அதிகமாக இறக்கியது. அடுத்த வருடம், 2012இல், மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு அதுவரை நடந்த நான்கு சோதனைகளைச் சேர்த்துப் பார்த்துவிட்டு, பரிந்துரைக்கப் போதுமான ஆதாரம் இல்லை என்று எழுதியது.

பாகற்காயில் 'தாவர இன்சுலின்' இருக்கிறது என்று ஒரு பேச்சு. பாலிபெப்டைட்-பி என்ற புரதத்தை வைத்துச் சொல்வது. புரதத்தை வாய்வழி விழுங்கினால் வயிறு அதைச் செரித்துவிடும். இன்சுலினை ஊசியாகப் போடுவதே அதனால்தான். மாத்திரையாகக் கொடுக்க முடிந்திருந்தால் நான் எதற்கு வயிற்றில் குத்திக்கொண்டிருக்கிறேன்?

சமைத்துச் சாப்பிடுவதில் பயமில்லை. சாறாகப் பிழிந்து வெறும் வயிற்றில் நிறையக் குடிப்பதில்தான் கவனம் வேண்டும், அதிலும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு. குழந்தைகளுக்குப் பாகல் கஷாயம் கொடுத்துச் சர்க்கரை தாழ்ந்து வலிப்பு வந்ததாக மருத்துவப் பதிவுகள் உண்டு. விதையில் வைசின் என்ற பொருள் இருப்பதால் ஜி6பிடி என்ற, சிவப்பணுவைக் காக்கும் நொதி குறைவாக உள்ளவர்களுக்கும் ஆகாது.

ஜூலை 2

'பழம் எப்படிச் சர்க்கரையை அபாயமாக இறக்கும்? பழத்தில் இருப்பதே சர்க்கரைதானே?'

இறக்கும். ஜமைக்காவில் அக்கி என்று ஒரு பழம். பழுக்காமல் தின்றால் வாந்தி, வலிப்பு, மரணம். அதில் இருக்கும் ஹைப்போகிளைசின், உடல் கொழுப்பை எரித்துச் சக்தி எடுப்பதையும் புதிதாகக் குளுக்கோஸ் செய்வதையும் தடுத்துவிடுகிறது. லிச்சியிலும் அதன் உறவுக்காரப் பொருள் உண்டு. பிகாரில் முசாஃபர்பூரில் ஒவ்வொரு கோடையிலும் குழந்தைகள் விடிகாலையில் வலிப்பு வந்து இறந்துகொண்டிருந்தார்கள். 2014இல் ஆராய்ந்து பார்த்ததில், லிச்சி தின்றுவிட்டு இரவுச் சாப்பாடு இல்லாமல் தூங்கிய குழந்தைகளுக்கு அபாயம் அதிகம் என்று தெரிந்தது. சர்க்கரையை உண்மையாகவே விழவைக்கும் பழம் எது என்று கேட்டால் என் பதில் இந்த இரண்டும்தான். யாரும் இவற்றைப் பொடி செய்து விற்பதில்லை, நல்லவேளை.

ஜூலை 14

நெல்லிக்காய்க்கு வருகிறேன். புண்ணோடு இதற்கு உண்மையான தொடர்பு ஒன்று உண்டு, அது வைட்டமின் சி. புண்ணை இழுத்துப் பிடிக்கும் கொலாஜன் நார் முறுக்கேற வேண்டுமானால் வைட்டமின் சி வேண்டும். அது இல்லாத ஸ்கர்வி நோயில் புதுப்புண் ஆறாது, பழைய தழும்பே பிரிந்துகொள்ளும். கப்பல் மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட் 1747இல் ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்துத் தேற்றியது இந்த நோயைத்தான்.

எவ்வளவு வேண்டும் என்பதையும் மனிதர்களிடமே பார்த்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில், போரில் ஆயுதம் ஏந்த மறுத்தவர்கள் சிலர் இந்தச் சோதனைக்கு முன்வந்தார்கள். மாதக்கணக்கில் வைட்டமின் சி இல்லாத சாப்பாடு. தொடையில் வேண்டுமென்றே காயம் போட்டார்கள். வைட்டமின் இல்லாதவர்களுக்குக் காயம் சரியாக ஆறவில்லை. நாளுக்கு வெறும் 10 மில்லிகிராம் கொடுத்தவர்களுக்கு ஆறியது.

பத்து மில்லிகிராம்! ஒரு கொய்யாப் பழத்தில் அதைப்போலப் பல மடங்கு இருக்கிறது, 100 கிராமுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல். நெல்லியிலும் ஏராளம். ஆகக் குறை இருப்பவருக்கு ஒரு பழம் போதும். குறை இல்லாதவருக்கு லிட்டர் கணக்கில் ஊற்றினாலும் புண் அதற்காக வேகமாக மூடாது. பல் போய், பசி போய், கஞ்சியிலேயே காலம் தள்ளும் வயதானவர்களுக்குக் குறை இருக்க நிறைய வாய்ப்பு. உங்கள் தகப்பனார் என்ன சாப்பிடுகிறார் என்பதைப் பாருங்கள். புரதமும் சேர்த்துத்தான் சொல்கிறேன். புரதத்தைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை.

ஜூலை 15

பழம் என்றதும் நினைவுக்கு வந்தது. ஒரு காலையில் மீட்டர் எனக்கு முந்நூற்றுக்கு மேல் காட்டியது. ராத்திரி ஒன்றும் தப்பாகச் சாப்பிடவில்லை. கையைப் பார்த்தால் சற்று முன்தான் ஆரஞ்சு உரித்திருக்கிறேன். கழுவிவிட்டு மறுபடி குத்தினால் வழக்கமான எண். ஜப்பானில் இதையே சோதித்து 2011இல் எழுதியிருக்கிறார்கள். பழம் உரித்த விரலை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தாலும் போதவில்லை, குழாய்த் தண்ணீரில் கழுவினால்தான் எண் சரியாக வந்தது. பழ வைத்தியம் செய்பவர்கள் பொடியின் மகிமையை அளப்பதற்கு முன் கையைக் கழுவவும்.

ஆகஸ்ட் 4

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். அழைத்துப் போனாராம். கணுக்காலிலும் கையிலும் ரத்த அழுத்தம் பார்த்து ஒப்பிட்டார்களாம், காலில் மிகவும் குறைவு. குழாய் அடைப்பு.

அப்படியானால் நான் ஜூன் 10இல் எழுதிய, கட்டுப் போட்டு ஆறிய அனுபவம் அப்படியே இவருக்குப் பொருந்தாது. எனக்கு ரத்த ஓட்டம் நன்றாக இருந்தது, நரம்பு மட்டும்தான் போயிருந்தது. ரத்தமே சரியாக வராத காலில் இறுக்கமான கட்டுப் போடுவதற்கு முன் குழாயைத் திறக்க வழி பார்ப்பார்கள். புண் ஒன்றுபோலத் தெரிந்தாலும் காரணம் வேறு வேறு: நரம்பு, ரத்த ஓட்டம், அழுத்தம், கிருமி. இதில் எது என்று பார்க்காமல் எந்தப் பழத்தைப் பற்றிப் பேசியும் பயனில்லை.

இன்னொன்று. நாள்பட்ட சர்க்கரையில் காலின் ரத்தக் குழாய்ச் சுவரில் சுண்ணாம்புச் சத்துப் படிந்து விறைத்துவிடும். அப்போது கணுக்காலில் அழுத்தம் நன்றாக இருப்பதுபோலப் பொய்யாகக் காட்டும். அதனால்தான் கால்விரலிலும் அளக்கிறார்கள். எண் நன்றாக இருக்கிறது, புண் மட்டும் ஆறவில்லை என்றால் விரல் அழுத்தத்தையும் கேளுங்கள்.

ஆகஸ்ட் 11

பப்பாளி பாக்கி இருக்கிறது.

முழுக்க மூடநம்பிக்கை என்று தள்ள மாட்டேன். பப்பாளிப் பாலில் இருக்கும் பாப்பெய்ன் இறந்த திசுவைக் கரைக்கும். ஆப்பிரிக்காவில் காம்பியாவின் ஒரு மருத்துவமனையில் தீக்காயம் பட்ட குழந்தைகளுக்குப் பப்பாளிச் சதையை மசித்துத் தினமும் வைத்துக் கட்டியதாக 1999இல் எழுதினார்கள். செத்த சதை உதிர்ந்தது, செலவும் இல்லை. அது மருத்துவமனையில், தினமும் ஒருவர் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில், தீக்காயத்துக்கு.

பாப்பெய்ன் களிம்புகள் அமெரிக்காவிலும் நெடுங்காலம் விற்றன. 2008இல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அவற்றை நிறுத்தச் சொன்னது. ரத்த அழுத்தம் சடாரென்று விழுவது, இதயம் படபடப்பது என்று கடுமையான ஒவ்வாமைகள் வந்திருந்தன. ரப்பர் பால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இது இன்னும் ஆபத்து.

அன்னாசிக்கு நல்ல காலம். அதன் நொதிகளால் செய்த ஒரு மருந்து தீக்காயத்தில் வெந்த தோலை நீக்க ஐரோப்பாவில் 2012இலும் அமெரிக்காவில் 2022 கடைசியிலும் அனுமதி வாங்கியது. ஆனால் எடுப்பது தண்டிலிருந்து. பழத்தை நறுக்கிப் புண்ணில் வைத்துவிட்டு இதை மேற்கோள் காட்டாதீர்கள்.

கடுக்காய், மாதுளைத் தோல் கஷாயத்தால் கழுவுவது பற்றியும் கேட்டிருந்தார்கள். இரண்டிலும் டானின் என்ற துவர்ப்புச் சத்து நிறைய. புரதத்தை இறுகச் செய்யும், கசிவைக் குறைக்கும். கடுக்காயைத் தோல் பதனிடப் பயன்படுத்துவதும் அதே குணத்துக்காகத்தான். மேலே உலர்ந்து இறுகியதைப் பார்த்து ஆறிவிட்டது என்று நினைக்கத் தோன்றும், அடியில் சீழ் இருந்தால் வெளியே வர வழி இருக்காது. உள்ளங்கால் புண்ணில் இதுதான் என் பயம். நீரிழிவுப் பாதத்துக்கான பன்னாட்டு வல்லுநர் குழு 2023இல் வெளியிட்ட வழிகாட்டியும், புண்ணை ஆற்றுவதற்கென்று மூலிகை சேர்த்த கட்டு வேண்டாம் என்றே சொல்கிறது.

ஆகஸ்ட் 12

தாத்தா காலத்தில் எல்லாம் ஆறியதே என்பவருக்கு: ஆறாதவர்கள் வந்து சொல்ல மாட்டார்கள்.

செப்டம்பர் 20

இந்த இழையில் ஒரே ஒரு குறிப்பைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். சர்க்கரை நாள்பட்டவர்களில் பலருக்குச் சிறுநீரகமும் கொஞ்சம் பழுதாகியிருக்கும், அவர்களுக்கே தெரியாது. 'சர்க்கரைக்கு நல்லது' என்று சுற்றும் பழங்களில் மூன்று அவர்களைக் கொல்லக்கூடும்.

நட்சத்திரப் பழம். இதில் கேரம்பாக்ஸின் என்ற நரம்பு நஞ்சு இருக்கிறது. நல்ல சிறுநீரகம் வெளியேற்றிவிடும். பழுதானது தேக்கிவைக்கும். நிற்காத விக்கல், குழப்பம், வலிப்பு. டயாலிசிஸில் இருப்பவர்கள் இறந்திருக்கிறார்கள்.

பிலிம்பி. அதன் உறவுதான், புளிப்பு அதிகம், ஆக்சலேட் அதிகம். கொழுப்பும் சர்க்கரையும் குறைய என்று இதைச் சாறு பிழிந்து நிறையக் குடித்தவர்களுக்குச் சிறுநீரகம் திடீரென்று செயலிழந்ததாகக் கேரள மருத்துவர்கள் 2013இல் எழுதியிருக்கிறார்கள். ஆக்சலேட் படிகங்கள் சிறுநீரகக் குழாய்களில் படிந்துவிட்டன.

நோனி. பாட்டிலில் வரும் சாறு. பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் பழுதானவருக்குப் பொட்டாசியம் ஏறினால் இதயம் தாளம் தவறும்.

பழச்சாறு எதையும் மருந்தாகத் தொடங்கும் முன் கிரியாட்டினினும் சிறுநீரில் ஆல்புமினும் பார்த்துவிடுங்கள். இரண்டுமே சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் சாதாரணச் சோதனைகள்.

அக்டோபர் 6

'பழ மரத்திலிருந்து சர்க்கரைக்கு மருந்தே வராதா' என்று ஒருவர் சோகமாகக் கேட்கிறார். வந்திருக்கிறதே. ஆப்பிள் மரத்தின் வேர்ப் பட்டையிலிருந்து 1835இல் ஃப்ளோரிசின் என்ற கசப்புப் பொருளைப் பிரித்தார்கள். அதைக் கொடுத்தால் சிறுநீரில் சர்க்கரை போகிறது என்று ஜெர்மனியின் ஃபான் மேரிங் 1886இல் கண்டார். சிறுநீரகம் சர்க்கரையைத் திரும்ப உறிஞ்சுவதை அது தடுக்கிறது. அதை அப்படியே மாத்திரையாக்க முடியவில்லை, குடலிலேயே உடைந்துவிடும். அதன் வடிவத்தைத் திருத்தித் திருத்தி நூறு வருடத்துக்கு மேல் கழித்து வந்தவைதான் டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் எல்லாம். என் மாத்திரைப் பெட்டியிலும் ஒன்று இருக்கிறது.

புண்காரர்கள் கவனிக்க: இந்தக் குடும்பத்தில் கனாகிளிஃப்ளோசினுக்குக் கால், விரல் துண்டிப்பு கூடுவதாக அமெரிக்காவில் 2017இல் கட்டம் போட்ட எச்சரிக்கை, அதாவது மருந்துக் குறிப்பில் போடும் மிகக் கடுமையான எச்சரிக்கை, வந்தது. 2020இல் அந்தக் கட்டத்தை எடுத்தார்கள், எச்சரிக்கையை முழுதாக எடுக்கவில்லை. காலில் புண் இருப்பதை மருந்து எழுதுபவரிடம் சொல்லிவிடுங்கள். அவர் காலைப் பார்க்காமலே எழுதியிருக்கலாம்.

நவம்பர் 17

என் அக்காவுக்கு யாரோ ஒரு பொடி கொடுத்தார்கள். நெல்லி, நாவல் கொட்டை, கடுக்காய் என்று எழுதியிருந்தது. சர்க்கரை அப்படி இறங்கியது. எனக்கே பொறாமை. அப்புறம் விடிகாலைகளில் வியர்த்துக் கொட்டிக் கை நடுங்க ஆரம்பித்தது. அளந்தால் அறுபதுக்குக் கீழே. பொடியை நிறுத்தினாள், நடுக்கமும் நின்றது, சர்க்கரையும் பழைய இடத்துக்கே ஏறியது. உள்ளே என்ன இருந்தது என்று சோதிக்கவில்லை, அதனால் யார் பெயரையும் சொல்லப் போவதில்லை.

ஆனால் உலகத்தில் நடந்தது தெரியும். சிங்கப்பூரில் 2008இல், சர்க்கரையே இல்லாத ஆண்கள் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் சர்க்கரை தாழ்ந்து மருத்துவமனையில் விழுந்தார்கள். சிலர் இறந்தார்கள். எல்லாரும் சாப்பிட்டது ஆண்மைக்கு என்று திருட்டுத்தனமாக விற்ற மாத்திரைகள், மூலிகை என்று சொன்னவையும் அதில் உண்டு. உள்ளே கிளிபென்கிளமைடு. சர்க்கரைப் பொடிகளிலும் இதே மருந்து கலந்து பிடிபட்டிருக்கிறது. ஆகவே மூலிகைப் பொடி வேலை செய்யவில்லை என்றால் எனக்குக் கவலையில்லை. ஒரே வாரத்தில் அபாரமாக வேலை செய்தால்தான் சந்தேகம் வருகிறது.

2025 ஜனவரி 12

அப்படியென்றால் பழமே வேண்டாமா என்று கேட்காதீர்கள், நான் அப்படி எங்கேயும் எழுதவில்லை. சீனாவில் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேரை ஏழு வருடம் தொடர்ந்து பார்த்து 2017இல் எழுதிய ஆய்வில், தினமும் பழம் தின்றவர்களுக்குச் சர்க்கரை வருவதும் குறைவு, ஏற்கனவே சர்க்கரை உள்ளவர்களுக்குச் சிக்கல்களும் குறைவு. பழம்தான் காரணம் என்று அது நிரூபிக்காது. பழத்துக்குப் பயந்து ஓட வேண்டாம் என்பதற்கு அது போதும். கடித்துத் தின்னுங்கள். பிழிந்தால் நார் போய்விடும், நாலு பழத்தின் சர்க்கரை ஒரே மடக்கில் உள்ளே போகும்.

பம்பளிமாசும் அதன் உறவான கிரேப்ஃப்ரூட்டும் மட்டும் தனிக் கணக்கு. கொழுப்புக்கு சிம்வாஸ்டாட்டினோ அட்டோர்வாஸ்டாட்டினோ எடுப்பவர்களுக்கு அந்த மருந்து ரத்தத்தில் தேவைக்கு மேல் ஏறிவிடக்கூடும். குடலில் மருந்தை உடைக்கும் நொதியைப் பழம் முடக்கிவிடுகிறது.

பிப்ரவரி 23

கேள்வி கேட்டவரிடமிருந்து மறுபடி சேதி. குழாயில் பலூன் விட்டுத் திறந்தார்களாம். விரல் எதுவும் போகவில்லை. புண் நான்கு வாரத்தில் பாதிக்கும் கீழே சுருங்கியிருக்கிறது. அது நல்ல அடையாளம். நான்கு வாரத்தில் பாதியாகச் சுருங்கும் புண் பன்னிரண்டு வாரத்துக்குள் மூட வாய்ப்பு அதிகம் என்பது பலமுறை பார்த்த கணக்கு. புண்ணில் பாரம் விழாமல் காக்கும், கழற்றக்கூடிய செருப்புக் கொடுத்திருக்கிறார்களாம், வீட்டுக்குள் போடுவதில்லையாம். எல்லாரும் அப்படித்தான். ஓர் ஆய்வில் காலில் ஒரு கருவி பொருத்தி எண்ணிப் பார்த்தபோது, நடந்த அடிகளில் 28 சதவீதத்துக்குத்தான் செருப்பு காலில் இருந்தது. குளியலறைக்குப் போகும் நாலு அடியும் நடைதான் என்று அவரிடம் சொல்லுங்கள்.

மூடிய பிறகும் விடாதீர்கள். ஆறிய புண்களில் ஏறக்குறைய 40 சதவீதம் ஒரு வருடத்துக்குள் திரும்ப வருகின்றன.

தகப்பனார் நாவல் பொடியை இன்னமும் சாப்பிடுகிறாராம், மாத்திரையோடு சேர்த்து. சிறுநீரகம் நன்றாக இருக்கிறது, சர்க்கரை தாழவில்லை என்றால் சாப்பிடட்டும். அதற்காக அவரோடு சண்டை போட வேண்டாம், செருப்புக்காகப் போடுங்கள்.

பிப்ரவரி 24

'சர்க்கரையாலேயே செய்த கட்டு' என்று மருத்துவமனையில் சொன்னார்களாம், கேலி செய்கிறார்களா என்று கேட்கிறார். இல்லை. சுக்ரோஸ் ஆக்டாசல்ஃபேட் என்ற உப்பு தோய்த்த கட்டு. நரம்பும் போய் ரத்த ஓட்டமும் குறைந்த கால் புண்களில் 240 பேரிடம் சோதித்து 2018இல் எழுதினார்கள். இருபது வாரத்தில் இந்தக் கட்டில் 48 சதவீதம் மூடின, சாதாரணக் கட்டில் 30 சதவீதம். உங்கள் தகப்பனாரின் புண் கிட்டத்தட்ட அந்த வகைதான். புண்ணைச் சிதைக்கும் நொதிகளை அது கட்டுப்படுத்துகிறது, ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றாது. போடச் சொன்னால் போடுங்கள். இதைப் படித்துவிட்டு யாரும் டப்பாவைத் திறந்து சமையல் சர்க்கரையைத் தூவிவிட வேண்டாம், அது வேறு பொருள்.